சேலை கொடுக்கிற கை

வேல்சாமி செத்த சேதி வந்த அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அவன் பெண்டாட்டிக்கு மாதாமாதம் சம்பளம் வரப்போகிறது என்ற சேதி வந்த அன்றைக்குக் கறி எடுத்தார்கள்.

இரண்டு சேதிக்கும் நடுவில் கரிசலில் நின்ற பருத்தி காய்த்து வெடிக்கிற நேரம்தான் ஆகியிருந்தது.

எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில், வடக்கே எல்லையில் விழுந்தான் வேல்சாமி. உடம்பு வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு தகரப்பெட்டி மட்டும் ஜீப்பில் வந்தது. துணிமணி, சவரக்கத்தி, ஒரு பச்சைக் கம்பளி ஸ்வெட்டர். ஜீப் போன பிறகு அவனுடைய அப்பா ஆறுமுகச்சாமி அந்தப் பெட்டியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, கன்று செத்த மாடு கத்துவதுபோல அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. பின்னால் நடந்ததைச் சொல்லுமுன் இதையும் சொல்லிவிட வேண்டும்.

சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகிற ரோட்டில் இருக்கிறது அவர்கள் ஊர். மழையை நம்பின நிலம் கொஞ்சம், ஒரு ஆட்டுப் பட்டி. பெரியவருக்குப் பெண்டாட்டி இல்லை. இளைய மகன் இசக்கிப்பாண்டி, அவன் பெண்டாட்டி வள்ளித்தாய், அவர்களுக்கு இரண்டு பயல்கள். வேல்சாமியின் பெண்டாட்டி இசக்கித்தாய்க்கு ஒரே மகள், கோமு. மூன்று வயது.

தாலியறுத்த பிறகு அந்த வீட்டில் இசக்கித்தாய் எல்லாரும் சாப்பிட்டு முடித்து, பானையின் அடியில் கிடந்த கம்பங்கூழைக் கரைத்துக் குடித்தாள். அவள் வந்த நேரம்தான் மகனை வாரிக்கொண்டு போனது என்று பெரியவர் ஆடுகளிடம் சொல்வதுபோலச் சொல்லுவார். அவளுக்குக் கேட்க வேண்டும் என்றுதான்.

பங்குனி வெயிலில் அய்யாத்துரை சைக்கிளில் வந்தார். பட்டாளத்தில் அவில்தாராக இருந்து வந்து, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர். வேல்சாமியைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அதனால் அந்த வீட்டுக்குள் அவர் எப்போதும் தலையைக் குனிந்துதான் வருவார். அன்றைக்கு நிமிர்ந்து வந்தார்.

"வாரும் அவில்தாரே. இந்த வேகாத வெயில்ல என்ன?"

"நல்ல சேதி பெரியவரே. டில்லியில புது உத்தரவு போட்டிருக்கான். சண்டையில செத்தவன் பெண்டாட்டிக்கு இனிமே அரைகுறைப் பென்சன் இல்ல. அவன் கடைசியா வாங்குன சம்பளம் அப்படியே வரும். இசக்கித்தாய் உசிரோட இருக்க மட்டும்."

"அவளுக்கா?"

"அவளுக்குத்தான்."

"பெத்தவனுக்கு?"

அய்யாத்துரை துண்டால் முகத்தைத் துடைத்தார். "பெண்டாட்டி இருக்கையில அவளுக்குத்தான் பெரியவரே."

"அவ நாளைக்கே வேற எவனையும் கட்டிக்கிட்டுப் போனா?"

"நின்னு போகும். புருசன்கூடப் பொறந்தவனைக் கட்டினா மட்டும் நிக்காது. அதுவும் அந்த உத்தரவுல இருக்கு."

பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னார் அவர். ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டிருந்த பாண்டி அரிவாளை நிறுத்தினான்.

அவர்கள் வகையறாவில் அறுத்துக் கட்டுகிற வழக்கம் உண்டு. தாலியறுத்தவளைக் கட்டிக்கொள்ள முதல் உரிமை கொழுந்தனுக்கு. இத்தனை நாளும் அந்த உரிமை அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அடிப்பானைக் கூழ் குடிக்கிறவளிடம் யார் உரிமை கொண்டாடுவார்கள்? அய்யாத்துரை சைக்கிளில் ஏறிப் போனதும் பெரியவர் சொன்னார்: "ஏலே பாண்டி, கறி எடுத்துட்டு வா."

பொழுது சாய்வதற்குள் அந்தச் சேதி ஊருக்குள் வேறு உருவம் எடுத்துவிட்டது. கொழுந்தனைக் கட்டினால்தான் பணம் வருமாம். சர்க்காரே சொல்லிவிட்டதாம். வழக்கத்தையே சட்டமாக எழுதிவிட்டான் என்று பங்காளிகளுக்குப் பெருமை வேறு.

அன்றைக்குக் கறிக்குழம்பில் முதல் கரண்டி இசக்கித்தாய் தட்டில் விழுந்தது. அவள் அதைப் பிசைந்து கோமுவுக்கு ஊட்டினாள்.

மறுநாள் இரண்டு ஓரகத்திகளும் பருத்தி எடுக்கப் போனார்கள். மடியைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு நிரை பிடித்து, குனிந்த தலை நிமிராமல் எடுக்கிற வேலை. காய்ந்த காயின் முனை விரலைக் கீறும். சுளை சுளையாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டே வள்ளித்தாய் ஆரம்பித்தாள்.

"யக்கா, எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? எல்லாம் பேருக்குத்தான். ஒரு மஞ்சக்கயிறு. கட்டிக்கிட்டு நீ ஒம் பாய்ல கெட, நான் எம் பாய்ல கெடக்கேன்."

"ஒம் புருசனை எங்கிட்ட ஏலம் போடுதியாட்டி?"

"ஏலம் போட அவன் என்ன பொலிகெடாவா? சும்மா குடுத்தாலே வாங்க ஆளில்ல."

சொல்லிவிட்டு வள்ளித்தாயே சிரித்தாள். இசக்கித்தாய்க்கும் சிரிப்பு வந்தது. வந்ததும் வெட்கமாக இருந்தது.

"கெணறு வெட்டி மோட்டார் வைக்கலாங்கான். எனக்குக் கம்மல் எடுத்துத் தாரேங்கான்."

"ஒரு கம்மலுக்காவ வள்ளி?"

"நீ பேசுவ. ஒனக்கு வருது. எம் புருசன் செத்தா எனக்கு என்ன வரும்? பட்டியில கெடக்க ஆட்டுப்புழுக்கைதான்."

"வேணும்னா நீயும் அவனைப் பட்டாளத்துக்கு அனுப்பு. செத்து வரட்டும். கம்மல் எடுத்துக்க."

நிரை முடிந்து திரும்புகிற இடத்தில் வள்ளித்தாய், இசக்கித்தாயின் மடி கனத்துத் தொங்குவதைப் பார்த்து, அவள் பருத்தியை அள்ளித் தன் பொட்டணத்தில் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கோபம் இருந்தாலும் சுமையைப் பகிர்ந்துகொள்கிற பழக்கம் கைக்கு இருந்தது.

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது பாண்டி வாசலில் உட்கார்ந்திருந்தான். அண்ணனுடைய பச்சைக் கம்பளி ஸ்வெட்டரைப் போட்டிருந்தான். காக்கை கூட நிழல் தேடுகிற வெயில். வியர்வை கழுத்தில் வழிந்து கம்பளிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கடைத்தெரு வரைக்கும் அதைப் போட்டுக்கொண்டு போய்வந்திருக்கிறான். அவன் மடியில் கோமு. அவன் கையில் ஒரு கருப்பட்டி மிட்டாய்.

"அப்பான்னு சொல்லு, தாரேன்."

"சித்தப்பா."

"சித்தப்பா இல்லட்டி, அப்பா. அப்பான்னாத்தான் மிட்டாய்."

பிள்ளை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மிட்டாயைத்தான் பார்த்தது. "அப்பா" என்றது.

பாண்டி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். மிட்டாயை இரண்டாக ஒடித்துப் பாதியை அதன் வாயில் வைத்தான். "மீதியும் வேணும்னா ஒங்கம்மையை வந்து எம்பக்கத்துல இருக்கச் சொல்லு."

இசக்கித்தாய் தலைச்சுமையைக் கீழே போட்டாள். ஓடிப்போய்ப் பிள்ளையைப் பறித்து, வாய்க்குள் விரலை விட்டு மிட்டாயைத் தோண்டி எடுத்து எறிந்தாள். பிள்ளை வீறிட்டது.

"ஏட்டி, பிள்ளைய எதுக்கு அழவிடுத?" என்றான் பாண்டி.

நேற்றுவரை அவளை அண்ணன் பெண்டாட்டி என்ற மரியாதையில் மைனி என்று கூப்பிட்டவன். காய்ச்சலில் கிடந்தபோது அவள் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவன். 'ஏட்டி' என்ற அந்த ஒரு சொல்லில் அவளுக்கு உடம்பு முழுவதும் கம்பளிப்பூச்சி ஊர்ந்ததுபோல் இருந்தது. உள்ளே போய்ப் பிள்ளையின் வாயைக் கழுவினாள். பிறகு தன் கையைக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள்.

வள்ளித்தாய் பருத்திப் பொட்டணத்தைத் தலையிலிருந்து இறக்காமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

வைகாசி முதல் வெள்ளிக்கிழமை பேச்சியம்மன் கோயிலில் தாலி கட்டுவது என்று முடிவு செய்தார்கள். இசக்கித்தாயிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த சந்தையன்று, மிளகாய்வற்றல் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். நேரே அய்யாத்துரை கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, கொழுந்தனைக் கட்டாட்டாப் பணம் வராதாமே?"

"எவன் சொன்னான்?"

"நீங்கதான் சொன்னியளாம்."

அடுப்புப் பக்கம் வடைக்கு ஆட்டிய மாவை வழித்துக்கொண்டிருந்த அவர் பெண்டாட்டி செல்வமணி எழுந்து வந்தாள். "என்னவே சொல்லி வச்சீரு? சாவு வீட்ல போயி எது பேசணும் எது பேசக்கூடாதுன்னு தெரியாதா? பட்டாளத்துல துப்பாக்கியைத்தான் தொடைச்சீரா, மூளையையும் சேத்துத் தொடைச்சிட்டீரா?"

அய்யாத்துரை வாடிக்கைக்காரர்கள் முன்னால் திட்டு வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "தாயி, நீ யாரையும் கட்ட வேண்டாம். ஒத்தையில இருந்தா ஆயுசுக்கும் ஒனக்குத்தான். கொழுந்தனைக் கட்டிக்கிட்டு அந்த வீட்டிலேயே இருந்தாலும் பொம்பளை வயித்துல அடிக்க வேண்டாமேன்னு எரக்கப்பட்டு உத்தரவுல ஒரு வரி எழுதியிருக்கான். அந்த வரியில சுருக்குப் போட்டு ஒங் கழுத்துல மாட்டுதானுவளே."

செல்வமணி பன்னைப் பாலில் நனைத்துக் கோமுவுக்கு ஊட்டினாள். தாய்க்கும் ஒரு தட்டில் இட்லி வைத்தாள். "மொதல்ல சாப்பிடு. சாப்பிட்டுட்டு அழு. கர்த்தர் ரெண்டுக்கும் நேரம் குடுத்திருக்காரு."

அய்யாத்துரை கடையைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு அதே பஸ்ஸில் அவளோடு வந்தார். பெரியவரிடம் விளக்கமாகச் சொன்னார். பெரியவர் முழுவதும் கேட்டார். புரியவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே புரிந்தது.

"வே அவில்தாரே, அவன் சம்பளம் யார் தந்த ஒடம்புக்கு வந்தது? நான் தந்த ஒடம்பு. கம்பும் சோளமும் போட்டு வளத்த ஒடம்பு. எனக்கு ஒரு தகரப்பொட்டி. ரெண்டு தடவை லீவுல வந்தவன்கூட இருந்தவளுக்கு ஆயுசுக்கும் சம்பளம். இது எந்த ஊரு நியாயம்வே?"

அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் நியாயமான கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மனிதன் எவ்வளவு அசிங்கமான வேலைக்கும் துணிந்துவிடுகிறான்.

"அதுக்காவ அந்தப் பிள்ளையை..."

"நீரு வேதக்காரரு. எங்க வழக்கத்துல மூக்கை நுழைக்காதியும். அவ இஷ்டம்போலப் போறதுன்னாப் போட்டும். கோமு எங்க வீட்டு வித்து. அதை விட்டுட்டு ஒத்தையில போகட்டும்."

அதைக் கேட்டதும் இசக்கித்தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே திரும்பிப் போனாள்.

வைகாசி வெள்ளி. காலை வெயில் கரிசலைப் பிளந்துகொண்டிருந்தது. பேச்சியம்மன் கோயில் என்றால் ஊருக்கு மேற்கே ஒரு உடைமரம், அதன் கீழே மஞ்சள் பூசின ஒரு கல், ஒரு சூலம். பங்காளிகள் பெண்டுபிள்ளைகளோடு வந்து நிழலைப் பங்குபோட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மோட்டார் எந்தக் கம்பெனி நல்லது என்று பாண்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தன் மகள் கல்யாணத்துக்குக் கைமாற்று கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவைத்தார். பாண்டி அன்றைக்கும் ஸ்வெட்டரோடுதான் இருந்தான். அவன் பக்கத்தில் ஊறின கம்பளி நாற்றம் வீசியது.

முதல் பெண்டாட்டி இருக்கும்போது அறுத்துக் கட்டினால் அங்கே ஒரு முறை உண்டு. மூத்தவள் தன் கையால் கோடிச் சேலையை வரப்போகிறவளுக்குக் கொடுக்க வேண்டும். வரப்போகிறவளின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. மூத்தவள் சம்மதம்தான் சம்மதம். அந்தச் சேலை கைமாறாமல் தாலி ஏறாது.

பூசாரி தேங்காய் உடைத்தார். பெரியவர் சிவப்புச் சேலையை வள்ளித்தாய் கையில் கொடுத்தார். "குடும்மா."

இசக்கித்தாய் கோமுவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பங்காளிகளைப் பார்க்கவில்லை. "வள்ளி, எனக்கு மனசில்லட்டி," என்றாள். "வேற யார்ட்டயும் கேக்கல. ஒங்கிட்டதான் சொல்லுதேன். எனக்கு மனசில்ல."

"இவகிட்ட யாரு மனசைக் கேட்டா?" என்றான் பாண்டி. "ஏ வள்ளி, குடுட்டி. என்ன பராக்குப் பாக்குத?"

வள்ளித்தாய் சேலையைப் பிரித்தாள். நீளமாக உதறினாள். இசக்கித்தாயைத் தாண்டிப் போனாள். கல்லின் முன்னால் குத்தவைத்து, அந்தச் சேலையை அம்மனுக்குச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். கொசுவத்தைக்கூட அழகாக மடித்து வைத்தாள். எழுந்து திரும்பினாள்.

"ஆத்தா வாங்கிக்கிட்டா. தாலியை எங்க கட்டணுமோ கட்டுங்க."

அம்மனுக்குச் சாத்தின துணியை உருவ அந்த ஊரில் யாருக்கும் கை வராது.

"ஏ நாசமாப் போறவளே!"

பாண்டி அறைந்தான். இன்னொரு தடவை அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. வள்ளித்தாய் அதைத் துப்பினாள்.

"பேருக்குத்தான்னு சொன்ன. பேருக்குக் கட்டுதவன் பச்சப்பிள்ளை வாயில எதுக்குல மிட்டாய் வச்ச? அதைப் பாத்த அன்னைக்கே எனக்கு ஒமட்டிட்டு. எனக்குக் கம்மலும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம்."

பாண்டி இசக்கித்தாய் பக்கம் திரும்பினான். "அவ போறதுன்னாப் போட்டும். பிள்ளைய விட்டுட்டுப் போகட்டும்," என்று கோமுவின் காலைப் பிடித்து இழுத்தான்.

பெரியவர் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புச் சேலையில் அது எப்போதையும்விடப் பெரிதாகத் தெரிந்தது. "விடுலே," என்றார். "ஆத்தா முன்னால இழுக்காத. விடு. போகட்டும்."

பயமா, வேறு ஏதாவதா, யார் கண்டது. பயத்திலாவது ஒரு நல்லது நடக்கட்டும் என்றுதான் தெய்வங்கள் இப்படி வெயிலில் நிற்கின்றன போலிருக்கிறது.

பங்காளிகள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். கைமாற்றுக் கேட்டவர், தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சீப்பு வாழைப்பழத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

இசக்கித்தாய் சங்கரன்கோவிலுக்குப் போனாள். டீக்கடைக்குப் பின்னால் விறகு போட்டிருந்த அறையைச் செல்வமணி ஒழித்துக் கொடுத்தாள். காலையில் மாவு ஆட்டவும் இட்லி அவிக்கவும் இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து செய்தார்கள். வேலைக்கு வேலையும் ஆயிற்று, துணைக்குத் துணையும் ஆயிற்று.

ஆடி பிறந்து மேற்கிலிருந்து மேகாத்து அடிக்க ஆரம்பித்த பிறகு முதல் பணம் வந்தது. சர்க்கார் பணம் கொடுக்கிற டிரசரிக்கு அய்யாத்துரை அவளைக் கூட்டிக்கொண்டு போனார். காற்று ரோட்டுப் புழுதியை அள்ளிக் கண்ணில் போட்டது. டிரசரிக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஆறுமுகச்சாமியும் பாண்டியும் உட்கார்ந்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து இருக்கிறார்கள் என்று வெற்றிலைக் கடைக்காரர் சொன்னார்.

அவள் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது பாண்டி முதலில் எழுந்தான். பல்லைக் காட்டினான்.

"மைனி, சௌக்கியமா இருக்கியளா?"

அவள் அவனைத் தாண்டிப் போய்ப் பெரியவர் முன்னால் நின்றாள். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, மகனைப் பறிகொடுத்த கிழவர் இருந்தார்.

"மாமா, சாப்பிட வாங்க."

அவர் எழுந்து வந்தார். எதிரே இருந்த கிளப்புக் கடையில் அவருக்கு இலை போடச் சொன்னாள். சோற்றில் குழம்பை ஊற்றியதும் ஒரு கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே இரண்டாவது தடவையும் சோறு வாங்கினார். மோர் ஊற்றச் சொன்னார். பிறகு கையைக் கழுவுமுன் மெதுவாகக் கேட்டார்.

"பாண்டி வெளிய நிக்கான். அவனுக்கும் ஒரு பொட்டலம் கட்டச் சொல்லுதியா?"

"வள்ளி எப்படி இருக்கா மாமா?"

"இருக்கா," என்றார் பெரியவர். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பேசுதது இல்ல. ஒரு பல்லு போயிட்டு."

அவள் கடைக்காரரிடம் ஒரு பொட்டலம் கட்டச் சொன்னாள். சோறு, குழம்பு, பொரியல், அப்பளம், ஒரு முட்டையும் சேர்த்து. வாழை இலையின் சூடு கைக்கு வந்தது. பெரியவர் கையை நீட்டினார். வாசலிலிருந்து பாண்டியும் நீட்டினான்.

அவள் யார் கையிலும் கொடுக்கவில்லை. தான் திரும்பி வருகிற வரைக்கும் கோமுவைச் செல்வமணி பார்த்துக்கொள்ளட்டும் என்று அய்யாத்துரையிடம் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். ஊர் வழியாகப் போகிற குருவிகுளம் பஸ் புறப்பட நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பொட்டலத்தை மடியில் வைத்து, புழுதி படாமல் முந்தானையால் மூடினாள். போனதும் வள்ளித்தாய் கையில் கொடுக்க வேண்டும். அவள் மெதுவாக மென்று தின்று முடிக்கிற வரைக்கும், யார் வந்தாலும் நகராமல் பக்கத்தில் நிற்க வேண்டும்.